பூனைக்குக் கண் எங்கே?

மாலைச் செபம் முடிந்து இரவு உணவுக்குத் தட்டு வைக்கும் வரையுள்ள அரைமணி நேரம் நம் இல்லங்களில் எப்படிக் கழிகிறது என்பதை வாசக அன்பர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பாளையங்கோட்டையாயினும் சரி, ஆற்றோடு மேற்கே சென்றால் வரும் சேரன்மாதேவி, அம்பாசமுத்திரமாயினும் சரி, தாய் ஒரு கைப்பேசியும் தந்தை ஒரு கைப்பேசியுமாக அமர்ந்திருக்க, இருவரில் யாருடையது முதலில் கைக்கு எட்டும் என்று பிள்ளை காத்து நிற்கிறது. முதலில் வாக்குவாதம், அதன்பின் அழுகை, ஈற்றில் கைப்பேசி பிள்ளையின் கையில்.

இக்கருவியை அடியோடு விலக்குங்கள் என்று கூறும் கட்டுரைகள் ஏராளமாக வந்துவிட்டன. அவற்றைப் படித்து விலக்கியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. ஆதலின் இக்கட்டுரை அவ்வழியில் செல்லவில்லை. கைப்பேசியில் பிள்ளைகள் ஆடும் எண்ணற்ற ஆட்டங்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் உள்ளே இருப்பது என்ன, அதைச் சுற்றியுள்ள உறை எத்தகையது என்று பிரித்துப் பார்ப்பதே இங்கு நோக்கம். பூனை, முயல், நாய்க்குட்டி, பறவை என்று கண்ணைக் கவரும் பிராணிகளின் படங்களை எண்களின் துணைகொண்டு கண்டுபிடிக்கும் புதிராட்டம் அது. ‘நோனோகிராம்’ என்பது அதன் பொதுப்பெயர். ‘பிக்ராஸ்’ என்ற பெயரிலும் அது வருகிறது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு தாளும் ஒரு பென்சிலும் இருந்தால் இப்பொழுதே ஆடிப் பார்த்துவிடலாம். பெற்றோர் தாமே ஆடிப் பாராத ஆட்டத்தைப் பற்றி வீட்டில் தீர்ப்புக் கூறுவது எடுபடாது.

நோட்டுத் தாளில் ஒரு பூனை

குறுக்கே ஐந்து, நெடுக்கே ஐந்து, ஆக இருபத்தைந்து கட்டங்களை வரைந்துகொள்ளுங்கள். குறுக்கே செல்வதை வரிசை என்றும், மேலிருந்து கீழே செல்வதை நிரல் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரிசையின் இடப்பக்கத்திலும் எண்களை எழுதுங்கள். முதல் வரிசைக்கு 1 1, இரண்டாவதற்கு 5, மூன்றாவதற்கு 1 1 1, நான்காவதற்கு 5, ஐந்தாவதற்கு 3. இனி நிரல்களின் தலைமேல், இடமிருந்து வலமாக: முதல் நிரலுக்கு 4, இரண்டாவதற்கு 1 2, மூன்றாவதற்கு 4, நான்காவதற்கு 1 2, ஐந்தாவதற்கு 4.

எண்களின் பொருள் இதுதான். 5 என்றால் அடுத்தடுத்து ஐந்து கட்டங்களைக் கறுப்பாக்க வேண்டும். 1 2 என்றால் முதலில் ஒரு கட்டம், பின்னர் குறைந்தது ஒரு கட்டமேனும் வெற்றிடம், அதன்பின் அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள். இவ்வளவுதான் சட்டம். இனி எந்தக் கட்டம் கறுப்பு, எது வெள்ளை என்பதை நாமே கண்டறிய வேண்டும்.

இரண்டாம் வரிசையிலும் நான்காம் வரிசையிலும் ஐயத்துக்கு இடமில்லை, ஐந்துமே கறுப்பு. மூன்றாம் வரிசையில் 1 1 1. மூன்று கறுப்புக் கட்டங்களுக்கு நடுவே இரண்டு இடைவெளிகள் வேண்டுமாதலால் ஐந்து கட்டங்களும் தீர்ந்துபோகின்றன. முதலாவதும் மூன்றாவதும் ஐந்தாவதும் கறுப்பு. இரண்டாவதும் நான்காவதும் வெள்ளை. அவ்விரு வெள்ளைக் கட்டங்களில் ஒரு பெருக்கல் குறி இட்டு வையுங்கள். அடுத்து இரண்டாம் நிரலைப் பாருங்கள். அதற்குரிய எண் 1 2. இரண்டாம் வரிசையில் ஒரு கறுப்பு, அதன்கீழ் பெருக்கல் குறி, அதன்கீழ் மீண்டும் ஒரு கறுப்பு என்று முன்னரே அமைந்துவிட்டது. ஆகவே மேலேயுள்ளதுதான் அந்த 1. கீழேயுள்ளது அந்த 2இன் தலைப்பகுதி; அது ஐந்தாம் வரிசைக்கு இறங்கியாக வேண்டும். நான்காம் நிரலுக்கும் இதே கதைதான். ஆக, ஐந்தாம் வரிசையில் இரண்டாவதும் நான்காவதும் கறுப்பு. அவ்வரிசையின் எண் 3 என்பதால் நடுக்கட்டமும் கறுப்பாகி, இரு ஓரங்களும் வெள்ளையாகின்றன. ஓரம் வெள்ளையானதும், 4 என்ற எண் கொண்ட முதல் நிரலும் ஐந்தாம் நிரலும் மேலே ஏறி, முதல் வரிசையில் ஆளுக்கொரு கட்டத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இப்பொழுது தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். மேலே நிமிர்ந்த இரண்டு காதுகள். கீழே குறுகும் தாடை. நடுவில் இரண்டு கண்கள். ஒரு பூனை நம்மை உற்று நோக்குகிறது!

அந்தக் கண்களைக் கவனித்தீர்களா? அவை நாம் நிரப்பிய கட்டங்கள் அல்ல. ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று பெருக்கல் குறி இட்டு ஒதுக்கிய இரண்டு கட்டங்களே பூனைக்குக் கண்களாயின. இவ்வாட்டத்தில் பழகியவர்கள் கறுப்பைத் தேடுவதற்குச் செலவிடும் கவனத்தைப் போன்றே வெள்ளையை உறுதிசெய்யவும் செலவிடுவார்கள். எது இல்லை என்று அறிவதும் அறிவே என்பதைக் கட்டத்துக்குக் கட்டம் மெய்ப்பிக்கும் வேறோர் ஆட்டம் என் நினைவுக்கு வரவில்லை.

இருபத்தைந்து கட்டங்களைக் கறுப்பும் வெள்ளையுமாக நிரப்ப எத்தனை வழிகள் உள்ளன தெரியுமா? 3 கோடியே 35 லட்சத்து 54 ஆயிரத்து 432. அவற்றுள் ஒன்றே ஒன்றுதான் நம் பூனை. அதை நாம் ஒரு முறைகூட ஊகம் செய்யாமல் பிடித்துவிட்டோம்.

கட்டங்கள் பெருகும்பொழுது சற்று நுட்பமான வழிகள் தேவைப்படும். பத்துக் கட்டங்கள் கொண்ட வரிசையில் 7 என்ற ஒரே எண் இருக்கிறதென்று கொள்வோம். அந்த ஏழு எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. எனினும் இடக்கோடியில் ஒட்டி வைத்துப் பாருங்கள். பின்பு வலக்கோடியில் ஒட்டி வைத்துப் பாருங்கள். இரண்டு நிலைகளிலும் நான்காவது முதல் ஏழாவது வரையுள்ள கட்டங்கள் கறுப்பாகவே இருக்கும். அந்த நான்கையும் துணிந்து நிரப்பலாம். முழுவதும் தெரியாவிட்டாலும் தெரிந்த அளவை உறுதியாகப் பற்றிக்கொண்டு அடுத்த வரிசைக்குச் செல்வது. அங்கே கிடைக்கும் துணுக்கோடு மீண்டும் இங்கே வருவது. ஆட்டம் முழுவதும் இந்தப் போக்குவரவுதான்.

டோக்கியோவின் சன்னல்கள்

இப்புதிர் பிறந்தது ஜப்பான் நாட்டில். 1987இல் டோக்கியோ நகரில் நடைபெற்ற ஒரு போட்டியில் நோன் இஷிடா என்னும் வரைகலைப் பெண்மணி பரிசு பெற்றார். வானளாவிய கட்டடமொன்றின் சன்னல் விளக்குகளுள் சிலவற்றை எரியவிட்டும் சிலவற்றை அணைத்தும் படங்களை உருவாக்கிக் காட்டியதே அவர் செய்தது. எரியும் சன்னல் ஒரு கட்டம். அணைந்த சன்னல் ஒரு கட்டம். அதிலிருந்து இப்புதிர் அவருக்குத் தோன்றிற்று. 1988இல் ‘சன்னல் ஓவியப் புதிர்’ என்ற பொருள்படும் பெயரில் மூன்று புதிர்களை வெளியிட்டார். வியப்பு என்னவெனில், ஏறத்தாழ அதே காலத்தில் டெட்சுயா நிஷியோ என்ற புதிர் வல்லுநரும் இவரை அறியாமலே இதே புதிரைத் தாமாகக் கண்டு, வேறொரு பத்திரிகையில் வெளியிட்டார். 1990இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டால்கெட்டி என்பவர் நோன் இஷிடாவின் பெயரையே முன்னால் வைத்து ‘நோனோகிராம்’ என்று பெயர் சூட்ட, ‘சண்டே டெலிகிராஃப்’ என்னும் ஞாயிறு இதழ் வாரந்தோறும் அதை வெளியிட்டது. ஆக, முதலில் இது அச்சுத்தாள் ஆட்டமே. கருவி ஆட்டம் அன்று.

கருவிக்கு அதைக் கொண்டுசென்றது நின்டெண்டோ நிறுவனம். 1995இல் ‘மாரியோஸ் பிக்ராஸ்’ என்ற பெயரில், கையடக்கமான ‘கேம் பாய்’ கருவிக்காக அது வெளிவந்தது. மாரியோ என்னும் மீசைக்காரர் உளியும் சுத்தியலும் கொண்டு கற்பலகையில் கட்டங்களைக் கொத்துவார். முப்பது நிமிடம் தரப்படும். தவறான கட்டத்தைக் கொத்தினால் முதல் தவற்றுக்கு 2 நிமிடம், அடுத்ததற்கு 4, அதன்பின் 8 என்று நேரம் கழிக்கப்படும். ஊகித்துக் கொத்துகிறவன் விரைவில் நேரமின்றி நிற்பான். ஜப்பானியர் அதை விரும்பி ஆடினர். அமெரிக்காவில் எதிர்பார்த்த விற்பனை இல்லை. 2007இல் வேறொரு கருவியில் மீண்டும் உலகைச் சுற்றி வந்தபொழுதுதான் பல நாடுகளில் அது வேரூன்றியது.

புதிர்கள் எல்லாம் எளியவை என்று எண்ணிவிடலாகாது. 1996இல் உஎடா, நகாவோ என்னும் இரு ஜப்பானிய அறிஞர்கள், எவ்வளவு பெரிய கட்டமானாலும் விரைந்து விடை தரும் பொதுவழி ஒன்றைக் கண்டுபிடிப்பது கணிப்பொறியியலின் மிகக் கடினமான வினாக்களோடு சமமானது என்று நிறுவினார்கள். நம் பிள்ளைகள் ஆடும் பத்துக்குப் பத்து கட்டங்களுக்கு அந்த அச்சம் தேவையில்லை.

புள்ளியும் கோரையும்

எண்ணைச் சொன்னால் படம் பிறக்கும் என்பது நம் ஊர்ப் பெண்களுக்குப் புதுமையன்று. மார்கழியிலும் பொங்கலிலும் வார இதழ்கள் கோலங்களை அச்சிடும்பொழுது கீழே என்ன எழுதுகின்றன? ‘15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைக் கேட்டதும், நடுவில் பதினைந்து புள்ளி வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து எட்டில் நிறுத்தும் கை நம் இல்லங்களிலும் உண்டு. கிறிஸ்து பிறப்பு விழாவன்று வாசலில் நட்சத்திரமும் மணியும் வரைகிற கை அதுவே. கிளிக்கோலமும் மயில்கோலமும் மீன்கோலமும் எண்ணிக்கை பிசகினால் கிளியாகவும் மயிலாகவும் நிற்கமாட்டா.

இதை விளையாட்டாக மட்டும் கொள்ளாமல் ஆராய்ந்தவர்களும் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974இல் கட்டங்களாக அமைந்த படங்களுக்கு மொழியைப் போல் இலக்கணம் வகுக்க முடியும் என்பதைக் கோலத்தையே எடுத்துக்காட்டாக வைத்து ஓர் ஆய்வுக்கட்டுரையில் காட்டினர். வாசல் தெளித்து வரைந்த புள்ளிகள் கணிப்பொறியியல் ஆய்விதழுக்கு ஏறியது அப்படித்தான்.

நம் ஆற்றங்கரையில் இன்னொரு சான்று இருக்கிறது. சேரன்மாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையில், தாமிரபரணிக் கரையின் கோரையைக் கீறி, ஆற்று நீரில் ஊறவைத்து, பட்டுப்போல் மெல்லிய பாய் நெய்கிறார்கள். திருமணத்துக்கு நெய்யும் பாயில் மணமக்களின் பெயர்கள் எழுத்தெழுத்தாக அமைந்திருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். மையும் தூரிகையும் கொண்டு எழுதிய எழுத்தல்ல அது. எத்தனை இழைக்குமேல் நிறக்கோரை, எத்தனை இழைக்குமேல் வெறுங்கோரை என்ற எண்ணிக்கையால் வந்த எழுத்து. நெய்கிற கைக்கு அந்நேரத்தில் தெரிவது ஒரு வரிசை மட்டுமே. முழுப்பெயர் பிறகுதான் தெரியும்.

ஓரத்து எண்களைக்கொண்டு உள்ளிருக்கும் படத்தை அறியும் வேலை நோயாளிகளின் உயிரையும் காக்கிறது. ‘சி. டி. ஸ்கேன்’ என்று மருத்துவமனைகளில் எடுக்கிறார்களே, அதில் எக்ஸ் கதிர் உடலைக் குறுக்காகக் கடந்து வரும்பொழுது, அக்கோட்டில் எதிர்ப்பட்டவை அனைத்தும் சேர்ந்து அதை எவ்வளவு மங்கச்செய்தன என்ற ஓர் எண்தான் கிடைக்கும். பல திசைகளிலிருந்து இப்படிப் பெற்ற எண்களைக்கொண்டு உள்ளுறுப்பின் படத்தைக் கணக்கிட்டுத் தீட்டுகிறது கணிப்பொறி. நம் பூனைப் புதிரும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் உறவு உண்டு. அக்கணக்கை விரைவாகச் செய்யும் ஒரு வழியை 1971இல் வெளியிட்டவர்கள் இருவர் தமிழுலகுக்கு அண்மையானவர்கள்: சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக விளங்கிய ஜி. என். ராமச்சந்திரனும், ஏ. வி. லட்சுமிநாராயணனும். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ராம்-லாக்’ என்றே உலகெங்கும் பாடநூல்கள் அம்முறையை வழங்குகின்றன.

பிராணிகள் எதற்கு?

இனி உறைக்கு வருவோம். எல்லா ஆட்டங்களிலும் ஏன் பூனையும் முயலும்? ஒரு காரணம் நியாயமானது. சில கட்டங்களுக்குள் அடையாளம் தெரியும் உருவம் பிராணிகளுக்கே உண்டு. இரண்டு காதுகளை நிமிர்த்தினால் பூனை. அவற்றையே நீட்டினால் முயல். வாலைப் புசுபுசுவென்று வளைத்தால் அணில். மனித முகத்தை அதே இருபத்தைந்து கட்டங்களில் வரைந்தால் ‘யாரோ ஒருவர்’ என்பதற்குமேல் ஒன்றும் தேறாது.

பிராணி இல்லாத புதிரும் உண்டு. சைமன் டாத்தம் என்ற ஆங்கிலேய நிரலாளர் தொகுத்து இலவசமாக வழங்கும் புதிர்த்தொகுப்பில் இதே ஆட்டம் ‘பேட்டர்ன்’ என்ற பெயரில் இருக்கிறது. விளம்பரம் இல்லை, காசு கேட்பதில்லை, நேரக்கட்டுப்பாடும் இல்லை. ஆனால் கணிப்பொறி தானாக உருவாக்கும் கட்டங்களாதலால் முடிவில் எந்தப் படமும் தோன்றாது. கறுப்பும் வெள்ளையுமான திட்டுகளே எஞ்சும். பெரியவர்களுக்கு அது போதும். பத்து வயதுப் பிள்ளை இரண்டு புதிர்களுக்குப் பின் அதைக் கீழே வைத்துவிடும். உழைப்பின் ஈற்றில் ஒரு முயல் எட்டிப் பார்க்க வேண்டும் என்று பிள்ளை எதிர்பார்ப்பதில் பிழையில்லை.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. 2015 டிசம்பரில் நின்டெண்டோவின் கருவிக்கு ‘போக்கிமான் பிக்ராஸ்’ வந்தது. எலி, அணில், ஆமை, தவளை ஆகியவற்றின் சாயலில் அமைந்த கற்பனைப் பிராணிகளே அதில் படங்கள். தொடக்கம் இலவசம். ஆனால் கட்டங்களை நிரப்ப நிரப்ப ஓர் ‘ஆற்றல்’ அளவு குறைந்துகொண்டே வரும். அது தீர்ந்தால் காத்திருக்க வேண்டும். அல்லது காசு கொடுத்து வாங்கிய மணிகளால் நிரப்பிக்கொள்ள வேண்டும். அடுத்த பகுதிகளைத் திறக்கவும் அதே மணிகள். ஒரு நேர்மை இருந்தது: குறிப்பிட்ட தொகைக்குமேல் வாங்கிவிட்டால் அதன்பின் காசு கேட்பதில்லை. இன்று கைப்பேசிகளில் வரும் பல ஆட்டங்களில் அந்த எல்லையும் இல்லை. மூன்று ‘இதயங்கள்’ தரப்படும். தவறான கட்டத்தைத் தொட்டால் ஓர் இதயம் போகும். மூன்றும் போனால் விளம்பரம் பார்க்க வேண்டும், அல்லது நாணயம் வாங்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் எனக்குப் பழக்கமான ஓர் இல்லத்தில் ஏழாம் வகுப்புப் பேரன் இதை ஆடிக்கொண்டிருந்தான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆச்சி அருகில் அமர்ந்தார்.

“எண்ணாம ஏம்லே தொடுத?” என்றார் ஆச்சி.

“தப்புன்னா ஒரு இதயம் போவும், அவ்வளவுதான் ஆச்சி.”

“எல்லா இதயமும் போனா?”

“விளம்பரம் பாத்தா திரும்பத் தருவான்.”

ஆச்சி சற்று யோசித்தார். “அப்போ நீ தப்புப் பண்ணப் பண்ண அவனுக்குல்லா லாபம்!”

பொருளாதாரப் பேராசிரியர்கள் நீண்ட உரையில் விளக்குவதை ஆச்சி ஒரு வரியில் முடித்துவிட்டார். பழைய மாரியோ ஆட்டத்தில் ஊகிப்பவன் தன் நேரத்தை இழந்தான். அதனால் ஊகிப்பதை விட்டான். இங்கே ஊகிப்பவனைக்கொண்டு மற்றொருவர் சம்பாதிக்கிறார்; ஆதலின் ஊகிக்கும்படியே ஆட்டம் அமைக்கப்படுகிறது. சில ஆட்டங்களில் எண்ணி உறுதி செய்யவே இயலாத புதிர்களும் இடையிடையே வருகின்றன. எண்ணிப் பார்க்கக் கற்றுத்தர வேண்டிய ஒரு புதிர், தோன்றியதைத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தைக் கற்றுத்தந்துவிடுகிறது. புதிரின் உள்ளுயிர் போய்ப் பூனைத்தோல் மட்டும் எஞ்சிய நிலை அது.

ஆகவே பெற்றோர் கவனிக்க வேண்டியவை கடினமானவையல்ல. ஒரே முறை விலை கொடுத்து வாங்கினால் பின்பு ஒன்றும் கேட்காத ஆட்டங்கள் கிடைக்கின்றன. கணக்குப் பார்த்தால் இலவச ஆட்டத்தைவிட அவையே மலிவு. இணையத்தை அணைத்துவிட்டு ஆடக்கூடியதா என்று பாருங்கள். கைப்பேசிவழி வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்து, அச்சொல்லைப் பிள்ளைக்குச் சொல்லாதிருங்கள். தவற்றைக் கருவியே உடனுக்குடன் காட்டிக்கொடுக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்திவைக்கலாம். அப்பொழுது பிள்ளை தன் தவற்றைத் தானே பின்னோக்கிச் சென்று தேடும். அந்தத் தேடல் எரிச்சலூட்டும், மறுப்பதற்கில்லை. ஒரு வரிசையில் எண் பொருந்தாமல் போய், எங்கே பிசகியது என்று கட்டம் கட்டமாகத் திரும்பிச் செல்லும் பிள்ளையை அவ்வேளையில் சாப்பிடக் கூப்பிடாதிருப்பது நலம்.

முதியோருக்கு இது ஏற்றதா என்று கேட்பார்கள். ஏற்றதே. எண் தெரிந்தால் போதும். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இத்தகைய ஆட்டங்கள் மறதி நோயைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்தால் நம்பிவிட வேண்டா. ‘லுமோசிட்டி’ என்னும் மூளைப்பயிற்சி ஆட்டங்களை விற்ற நிறுவனம், முதுமையின் மறதியைத் தள்ளிப்போடலாம் என்று போதிய சான்றின்றி விளம்பரம் செய்ததற்காக, 2016இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. ஆச்சிக்குப் பொழுது இனிதாகக் கழிகிறது, பேரன் அருகில் அமர்கிறான் என்பதற்குமேல் காரணம் எதுவும் தேட வேண்டுமா?

நம் பழைய ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். கல் மண்டபத் தரைகளில் அதன் கோடுகளைச் செதுக்கி வைத்த இடங்கள் தமிழகத்தில் பல. அதற்கு எதிரியாக ஓர் ஆள் வேண்டும். இப்புதிருக்கு எதிரி இல்லை; ஒரே கட்டத்தின்மேல் இருவர் தலை கவிழ்ந்து ஆடலாம். மேற்சொன்ன இல்லத்தில் இப்பொழுது வரிசைகள் பேரனுக்கு, நிரல்கள் ஆச்சிக்கு. கைப்பேசியில் அல்ல, கணக்கு நோட்டில். புதிர்களைப் பேரனின் அக்காள் வரைந்து தருகிறாள்.

புதிர் வரைவதில் ஒரு நுட்பம் உண்டு. படம் வரைந்துவிட்டு எண்ணிக்கையை எழுதினால் போதும் என்று தோன்றும். ஆனால் அவ்வெண்களுக்கு ஒரே ஒரு விடைதான் இருக்க வேண்டும். இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் எல்லா ஓரத்திலும் 1 என்று எழுதிப் பாருங்கள். கறுப்பு இரண்டும் எந்தக் கோணத்தில் சாய்ந்தாலும் எண்கள் பொருந்தும். அத்தகைய இடம் ஒன்று புதிரில் நுழைந்தாலும் ஆடுபவர் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும். வரைந்தவரே ஒருமுறை வெற்றுத்தாளில் ஆடிப் பார்த்துவிட்டுக் கொடுப்பது முறை. வரிசை எண்களின் கூட்டுத்தொகையும் நிரல் எண்களின் கூட்டுத்தொகையும் சமமாயிருக்கின்றனவா என்றும் சரிபார்க்கலாம். நம் பூனைக்கு இரண்டும் 18.

இவ்வார ஞாயிற்றுக்கிழமை மாலைக்காக ஒரு புதிரைத் தந்து முடிக்கிறேன். குறுக்கே எட்டு, நெடுக்கே ஐந்து கட்டங்கள். வரிசைகளுக்கு மேலிருந்து கீழாக: 2 1, 4 2, 1 5, 4 2, 2 1. நிரல்களுக்கு இடமிருந்து வலமாக: 1, 1 1, 5, 5, 3, 1, 3, 2 2. எங்கும் ஊகிக்க வேண்டியதில்லை. எட்டாம் நிரலில் தொடங்கினால் எளிது. விடையை அடுத்த இதழில் தேட வேண்டா. நம் தாமிரபரணியில் வாழும் ஒன்று அது. இதற்கும் கண் ஒன்று உண்டு. எங்கே என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும்.